கேன்சல், யெஸ், நோ, ஓகே

கம்ப்யூட்டர் படித்தவன் என்று சொல்லிக்கொண்டுதான் அந்த வேலையில் சேர்ந்தேன். ஆனால் முதல் ஆறு மாதம் கம்பெனி என்னை ஓட்டக்காரனாகத்தான் பயன்படுத்தியது.

இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்கு இருக்கை செய்து கொடுக்கும் தொழிற்சாலை எங்களுடையது. என் அறை கட்டடத்தின் ஒரு கோடியில், கேன்டீனை ஒட்டி இருந்தது. இருக்கைகளைப் பூட்டும் லைன்கள் மறு கோடியில். நடுவே நுரைப் பஞ்சு மலைகள், இரும்புச் சட்டங்கள், எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாத ஃபோர்க்லிஃப்ட்டுகள். இவற்றுக்கிடையே கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுவேன். பெல்ட் போடாதது என் தவறு. ஓட வேண்டியிருக்கும் என்று நேர்முகத் தேர்வில் யாரும் சொல்லவில்லை.

ஓடியதற்குக் காரணம் ஒரு மஞ்சள் கயிறு. உடனே வேறு எதையும் நினைக்க வேண்டாம். அந்தக் கயிறு என் வாழ்க்கையில் வெகு தாமதமாகத்தான் வந்தது. இது லைனின் நீளத்துக்குத் தலைக்கு மேல் கட்டியிருந்த நைலான் கயிறு. வேலையில் எது வழக்கத்துக்கு மாறாக நடந்தாலும், பக்கத்தில் நிற்பவர் அதை இழுக்க வேண்டும். இழுத்தால் லைன் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், ஐஸ் வண்டிக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு பாட்டு மூச்சு விடாமல் ஒலிக்கும். சுவரில் ஆளுயர எழுத்தில் மூன்றே சொற்கள்: நிறுத்து, கூப்பிடு, காத்திரு. புதிதாகச் சேருபவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளும் இந்த மூன்று சொற்கள்தான். நீயாக எதையும் சரிசெய்யாதே, நீயாக எதையும் ஊகிக்காதே. நிறுத்து, கூப்பிடு, காத்திரு.

ஸ்க்ரூ வளைந்திருந்தால் இது அருமையான ஏற்பாடு. கம்ப்யூட்டர் கேள்வி கேட்டால்தான் சிக்கல்.

மொத்தம் ஒன்பது லைன், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தோம். அடுத்து எந்த நிறத்தில், எந்த மாடல் இருக்கை வேண்டும் என்பதைக் கார் கம்பெனி தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொண்டே இருக்கும். ஷிப்ட் தொடங்கும்போது அந்த இடத்தில் நிற்பவர் தன் பெயரில் உள்ளே போய், பிரவுசரைத் திறந்து, அந்தப் பட்டியலைப் பார்த்து வேலையைத் தொடங்க வேண்டும். எந்த இருக்கையை யார் பூட்டினார் என்று பின்னால் தெரிய வேண்டுமல்லவா, அதனால் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட்.

இங்கேதான் பிரவுசர் தன் குணத்தைக் காட்டும். புதுப் பெயரில் ஒருவர் முதல்முறை திறந்தால், வீதிக்குப் புதிதாகக் குடிவந்தவரைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்போல அது விசாரிக்கத் தொடங்கிவிடும். இணையத்தோடு எப்படி இணையப் போகிறாய், போன் வழியாகவா, வேறு வழியாகவா? வேண்டாமா? நிச்சயமாகவே வேண்டாமா? சரி, இனிமேல் எப்போதும் என்னையே பயன்படுத்துவாயா? இதோ பாதுகாப்பான பக்கத்துக்குள் போகிறாய், தெரியுமா? எல்லாம் ஆங்கிலத்தில். ஒருமுறை பதில் சொன்னால் அந்தப் பெயரில் மறுபடி கேட்காது. ஆனால் ஆட்களை லைன் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேறு லைன் என்றால் வேறு கம்ப்யூட்டர். அதற்கு நீங்கள் மறுபடியும் புது ஆள். மறுபடியும் முதலிலிருந்து விசாரணை.

ஆகவே, கயிறு. ஆகவே, ஐஸ் வண்டிப் பாட்டு. ஆகவே, என் ஓட்டம்.

ஒருவர் மட்டும் கயிற்றை இழுக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தவர். என்னைவிட ஒரு வயது பெரியவராக இருப்பார். கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது, இல்லாத போன் லைனில் கம்ப்யூட்டர் யாரையோ கூப்பிட முயன்று தோற்றுக்கொண்டிருந்தது.

"என்னங்க செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல சார். ஊர் கோடு என்னன்னு கேட்டுச்சு. போட்டேன்."

"எந்த ஊர் கோடு?"

"எங்க ஊர் கோடுதான். வேற எந்த ஊரு கோடு எனக்குத் தெரியும்?"

அன்றைக்கு லைன் நின்ற நேரம் அவர் பெயரில் பதிவாகி, அவருக்கு மறுபடி மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதன்பின் அவரைப் போல அந்த மூன்று சொற்களை மதித்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஓடிக் களைத்த நான் ஓர் அட்டை தயாரித்தேன். எங்கள் கம்பெனியில் எந்த வேலைக்கும் ஓர் அட்டை உண்டு. படிப்படியாக எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, லேமினேட் செய்து, வேலை நடக்கும் இடத்திலேயே தொங்கவிடுவார்கள். அதில் இருப்பதுதான் வேதம். என் அட்டை, ஒரு லைனுக்குப் புதிதாக வருபவரின் முதல் நாளுக்கு. அதில் ஏழு படி. உன் பெயரில் உள்ளே போ. நீல நிற 'இ' படத்தை இருமுறை தட்டு. மூன்றாவதாக ஒரு பெட்டி வரும், கேன்சல் அமுக்கு. நான்காவதாக, நிச்சயமா என்று கேட்கும், கட்டத்தில் டிக் போட்டு யெஸ் அமுக்கு. ஐந்தாவதற்கு நோ. ஆறாவதற்கு ஓகே. ஏழாவது படியில் பட்டியல் தெரியும். கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அளவுக்கு நான் என் டிகிரி சான்றிதழைக்கூடப் பார்த்ததில்லை.

அட்டை நன்றாகவே வேலை செய்தது. கேன்சல், யெஸ், நோ, ஓகே என்று ஆட்கள் சுலோகம்போல மனப்பாடம் செய்துவிட்டார்கள். கேன்டீனில் இரண்டாவது முறை சாம்பார் ஊற்ற வருபவரிடம் "கேன்சல்" என்பார்கள். அப்பளத்துக்கு "யெஸ்". ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது யெஸ்ஸுக்கும் நோவுக்கும் இடம் மாற்றி அமுக்கிவிடுவார்கள். ஐஸ் வண்டி வந்துவிடும். நான் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை பிளாண்ட் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஆள் குள்ளம். குரல் அதைவிடச் சிறியது.

"உக்காருப்பா. உன் ப்ரொபேஷன் இந்த மாசத்தோட முடியுது, இல்ல?"

"ஆமா சார்."

"கன்ஃபர்மேஷன் லெட்டர் ரெடி." மேசையின் இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையைக் காட்டிவிட்டு மூடினார். "திங்கக்கிழமை கஸ்டமர் ஆடிட், கார் கம்பெனிலேர்ந்து வர்றாங்க. அந்த ஆடிட்டர் பழைய ஆளுங்கள செய்யச் சொல்ல மாட்டார். புது ஆளக் கூப்பிட்டு, முதல் தடவையா ஒரு லைன்ல நிக்க வெச்சுப் பாப்பார். அப்ப உன் ஸ்க்ரீன் கேள்வி கேட்டு லைன் நின்னுச்சுன்னு வெச்சுக்கோ, இந்த லெட்டர் இந்த டிராயர்லயே இருக்கும். நீ வேற கம்பெனி பாத்துக்கலாம்."

"ஒரு கேள்வியும் வராது சார்."

எப்படி என்று தெரியாமலேதான் சொன்னேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றை முந்தின வாரமே செய்து முடித்திருந்தேன். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று படப்பையிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டேன். கடிதம் வரும், எப்படியும் வரும், வந்தபின் கொடுப்பதை வருமுன் கொடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. டிரைவர் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். ஊரிலும் அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். கடிதம் இழுப்பறையிலேயே தங்கிவிட்டால் நான் அந்த பஸ்ஸில் எந்த முகத்தோடு ஏறுவது?

வியாழக்கிழமை முழுக்கப் புத்தகங்களையும் இணையத்தையும் புரட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தேன். புது ஆள் உள்ளே வரும்போது கம்ப்யூட்டர் அவருக்கென்று ஓர் அறை கட்டிக் கொடுக்கிறது. அந்த அறையை வெறும் மனையில் கட்டுவதில்லை. உள்ளே மாதிரி அறை ஒன்றை மறைத்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கிறது. மாதிரி அறையிலேயே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி வைத்துவிட்டால், அதன்பிறகு கட்டும் எந்த அறையிலும் விசாரணை கிடையாது. இவ்வளவுதான். ஆறு மாதமாக நான் ஓடிய தூரத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன்.

பதில் சொல்லி முடித்த அறை ஒன்று வேண்டும். என் பெயரில் கட்டிய அறையே இருக்கிறதே. எந்தக் கேள்வியும் வராத, ஒழுங்கான அறை. அதைத் தூக்கி மாதிரி அறையின் இடத்தில் வைத்தேன். சோதித்துப் பார்க்க, பார்சல் கட்டும் பகுதியிலிருந்த கம்ப்யூட்டரில் மட்டும். அங்கே லைன் கிடையாது, கயிறும் கிடையாது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே முன்னெச்சரிக்கை அது.

வெள்ளிக்கிழமை காலை அங்கிருந்து போன் வந்தது. பேசியவர் பிள்ளைப்பாக்கத்து அக்கா, அன்றுதான் அந்தப் பகுதிக்கு மாற்றப்பட்டவர். உள்ளூர்க்காரர், விடியலில் மாட்டைக் கறந்துவிட்டு ஷிப்டுக்கு வருபவர், யாருக்கும் குரலைத் தாழ்த்தாதவர்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போ. பொட்டி இன்னாமோ காட்டுது."

"கேள்வி கேக்குதாக்கா?"

"கேள்விலாம் ஒண்ணும் கேக்கல. பொண்ணு காட்டுது."

ஓடினேன். அந்த ஓட்டத்தில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் எனக்கு வழிவிட்டு நின்றது.

என் அறையைத் தூக்கி வைத்தவன், அறைக்குள் என்னென்ன கிடந்தது என்று பார்க்கவில்லை. அப்போது அம்மா எனக்குத் தீவிரமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் என் பங்குக்கு ஒரு கல்யாண இணையதளத்தில் வடிகட்டித் தேடி, அந்தத் தேடலையே பிரவுசர் திறந்ததும் வரும் பக்கமாக வைத்திருந்தேன். இப்போது அந்தக் கம்ப்யூட்டரில் யார் முதல்முறை உள்ளே வந்தாலும், இருக்கை நிறப் பட்டியலுக்குப் பதில் காஞ்சிபுரம் மாவட்டத்து மணப்பெண்கள் வரிசையாக வருகிறார்கள். மேலே என் நிபந்தனைகள். அக்கா பத்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி, பின்னால் நின்ற ஆறு பேருக்கும் கேட்கும்படி வாசித்துக்கொண்டிருந்தார்.

"டிகிரி. சரி, கேட்டுக்கலாம். அஞ்சு அடி நாலு அங்குலம். சார் இன்னா உயரம்? பாடத் தெரிஞ்சிருக்கணுமா? நீ பாடுவியா சார்?"

"அக்கா, நவுருங்க, மூடிடறேன்."

"இரு சார். இந்தாண்ட இன்னாமோ பேர் போட்டு அடுக்கி வெச்சிக்கீற. இது இன்னா, 'அம்மா ஓகே'?"

பிடித்த பக்கங்களைச் சேர்த்துவைக்கும் பட்டியலில் நான் மூன்று பிரிவு வைத்திருந்தேன். 'பாக்கலாம்', 'அம்மா ஓகே', 'கஷ்டம்'. அக்கா மூன்றையும் திறந்தார். 'அம்மா ஓகே' காலியாக இருந்தது.

"பாவம்யா," என்றார், உண்மையான வருத்தத்தோடு. "எங்க ஊர்ல ஒரு பொண்ணு கீது. பாடலாம் தெரியாது. ஆனா நல்லாத் திட்டும். பாக்கறியா?"

அன்று மதியம் கேன்டீனில் என் தட்டில் பாயசம் இரண்டு கரண்டி விழுந்தது. "மாப்ளைக்கு யெஸ்," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மேனேஜர் காதுக்கு மட்டும் எப்படியோ போகவில்லை. அதற்கு நான் அக்காவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் போட்டோவை ஒருமுறை பார்ப்பதாக வாக்குக் கொடுத்துதான் அந்த மௌனத்தைப் பெற்றேன்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்தேன். என் அறையை எடுத்துக் கடாசிவிட்டு, பழைய மாதிரி அறையைத் திரும்ப வைத்து, அதற்குள்ளே அந்த நான்கு பதில்களை மட்டும் எழுதினேன். திறந்ததும் வரும் பக்கமாக நிறப் பட்டியலை வைத்தேன். எல்லா லைனுக்கும் போய் அதையே செய்து, ஒவ்வொன்றிலும் பொய்ப் பெயரில் ஓர் ஆளை உருவாக்கி உள்ளே போய்ப் பார்த்தேன். எங்கும் ஒரு கேள்வி இல்லை. தட்டினால் நேராகப் பட்டியல். வீட்டுக்குப் போகும்போது, மைசூர்பாகு கொடுத்ததில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஆடிட்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கிளிப் பலகை, எதைப் பார்த்தாலும் "அப்படியா" என்று மட்டும் சொல்லும் மனிதர். மேனேஜர் ஒரு பக்கம், நான் இரண்டடி பின்னால். மூன்றாவது லைன் முன்னால் நின்றார்.

"இந்த இடத்துல இதுவரைக்கும் வேலை செய்யாத ஒருத்தரக் கூப்பிடுங்க."

சூப்பர்வைசர் கண்ணில் முதலில் பட்டவரைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர். முதல் லைனிலிருந்து வந்தவர், மூன்றாவது லைன் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. எனக்கு ஒரு பயமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஆடிட்டரின் முகத்தில் வரப்போகும் திருப்தியைப் பார்க்கத் தயாராக நின்றேன்.

அவர் தன் பெயரைப் போட்டு உள்ளே போனார். நீல நிற 'இ' மேல் இருமுறை தட்டினார். கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்தது. கறுப்பு, சாம்பல், சாம்பல், கறுப்பு. ஒரு கேள்வி இல்லை.

அவர் திரையைப் பார்த்தார். பக்கத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். விரல் வைத்து மூன்றாவது படியைப் படித்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் அட்டையைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையை உயர்த்திக் கயிற்றை இழுத்துவிட்டார்.

லைன் நின்றது. சிவப்பு விளக்கு. ஐஸ் வண்டி.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றார் ஆடிட்டர்.

"பொட்டி ஒண்ணுமே கேக்கல சார்."

"கேக்கலன்னா நல்லதுதானே?"

"நல்லதோ கெட்டதோ எனக்குத் தெரியாது சார். அட்டைல மூணாவதா ஒரு பெட்டி வரும், கேன்சல் அமுக்குன்னு போட்டிருக்கு. வரல. நாலு, அஞ்சு, ஆறு ஒண்ணுமே வரல. நேரா ஏழுக்குப் போயிட்டு. நடுவுல நாலு படிய முழுங்கிட்டுன்னா அந்தப் பட்டியல எப்படி சார் நம்ப?" என்னைப் பார்த்தார். "சார்தான் எழுதிருக்கிய. கையெழுத்து இருக்கு."

இருந்தது. லேமினேட்டுக்குள் பளபளவென்று இருந்தது. கேள்விகளையெல்லாம் ஒழித்துக்கட்டியவன், அவை வரும் என்று எழுதிய அட்டையை ஒன்பது இடத்தில் தொங்கவிட்டபடியே ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஆடிட்டர் பலகையில் எழுதத் தொடங்கினார். வெகுநேரம் எழுதினார். பிறகு திருநெல்வேலிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எத்தனையோ பிளாண்ட் பாத்திருக்கேன். சரியா நடக்குதேன்னு சந்தேகப்பட்டு லைன நிறுத்தின ஆளை இப்பதான் பாக்கறேன்." மேனேஜரிடம் திரும்பி, "உங்க ட்ரெயினிங் பிரமாதம்," என்றார். என்னிடம் திரும்பி, "உங்க அட்டைதான் பொய் சொல்லுது," என்றார்.

அறிக்கையில் இரண்டு வரி. பாராட்டு ஒன்று, குறை ஒன்று. குறைக்குப் பொறுப்பு: தயாரித்தவர்.

சாயங்காலம் மேனேஜர் அறைக்குப் போனேன். இழுப்பறையை அவர் திறக்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார். எங்கள் தொழிற்சாலையில் குறை எழுதப்பட்டால் இந்தப் படிவம் உண்டு. ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும். ஐந்துக்கும் பதில் எழுத வேண்டும்.

"இங்கயே உக்காந்து எழுது."

எழுதினேன். லைன் ஏன் நின்றது? கயிறு இழுக்கப்பட்டது. ஏன் இழுக்கப்பட்டது? கேள்வி வரவில்லை. ஏன் வரவில்லை? நான் வராமல் செய்தேன். ஏன் செய்தாய்? கேள்வி வந்தால் லைன் நிற்கிறது. ஐந்தாவது ஏனுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அட்டையை ஏன் மாற்றவில்லை? உண்மையை எழுதினேன்: அதில் என் கையெழுத்து அழகாக இருந்தது.

மேனேஜர் படித்தார். ஐந்தாவது வரியை இரண்டு முறை படித்ததுபோல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நான் புதன்கிழமை உங்கிட்ட என்ன சொன்னேன்? சரியா சொல்லு."

"ஸ்க்ரீன் கேள்வி கேட்டு லைன் நின்னா, லெட்டர் டிராயர்லயே இருக்கும்னு சொன்னீங்க சார்."

"கேட்டுச்சா?"

"கேக்கல சார்."

"அப்ப நான் என்ன செய்ய முடியும்," என்று, தனக்கே அநியாயம் நடந்துவிட்டதுபோலச் சொல்லிக்கொண்டு இழுப்பறையைத் திறந்தார். உறையை என் பக்கம் தள்ளிவிட்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அந்த ஒம்போது அட்டையையும் கழட்டிட்டு வந்து வாங்கிக்கோ."

அன்றைக்கு நான் ஓடிய ஓட்டம்தான் அங்கே என் கடைசி ஓட்டம். லைன் லைனாகப் போய் அட்டைகளைக் கழற்றினேன். மூன்றாவது லைனில் திருநெல்வேலிக்காரர் நின்றிருந்தார். ஆடிட்டர் சொன்னதற்காகக் கம்பெனி கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

"இனிமே ஒண்ணும் கேக்காதா சார்?"

"கேக்காது. தட்டினா நேரா பட்டியல்தான்."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். "அதுவும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்றார். "இந்த ஊருக்கு வந்த புதுசுல எங்கிட்ட ஊர் எதுன்னு கேட்டது அந்தப் பொட்டி ஒண்ணுதான் சார்."

அட்டைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர் ஊர் எந்தப் பக்கம், வீட்டில் யார் யார் என்று கேட்டேன். நான்கு கேள்விதான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினார். உள்ளே கேன்டீன் மைசூர்பாகு.

"நீங்க முன்னாடியே குடுத்துட்டியளாம். பஸ்ல வாரவங்க சொன்னாவ. அதான் இது எங்கணக்கு."

யெஸ் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன்.